கொசுவின் வயிற்றில் கிடைத்த விடை

முதலாண்டு உயிரியல் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி வழியே மலேரியாக் கிருமியைப் பார்த்தேன். சிவப்பணுவுக்குள் சிறு மோதிரம் போலக் கிடந்தது. செடி, விலங்கு, பூஞ்சை எதிலும் சேராத, ஒரே உயிரணு கொண்ட புரோட்டிஸ்டு அது. எனக்கோ பீடோங் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டியின் நினைவு வந்தது. அவருடைய தாய்மாமன்கள் இருவர் ஒரே மழைக்காலத்தில் குளிர்காய்ச்சலில் இறந்தார்களாம். காட்டுக் காற்று பட்டுவிட்டது என்று லயத்தில் சொன்னார்களாம். அந்தக் காய்ச்சல் வரும் வழியைக் கண்டவர் யாரென்று தேடியபோதுதான் சர் ரொனால்டு ராஸ் அறிமுகமானார்.

ராஸ் 1857 மே 13 அன்று இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தார். தந்தை ஆங்கிலேய இராணுவ அதிகாரி. மகனுக்கோ கவிதையிலும் ஓவியத்திலும்தான் ஆசை. தந்தையின் விருப்பத்துக்காகவே மருத்துவம் படித்து, 1881இல் சென்னை மாகாணத்துக்குப் பணிக்கு வந்தார்.

நோயாளியின் இரத்தத்தில் இந்தக் கிருமி இருப்பதை லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1880இலேயே கண்டிருந்தார். ஆனால் ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்கு அது எப்படிப் போகிறது? கொசுவைப் பார் என்று 1894இல் இலண்டனில் வழிகாட்டியவர் பேட்ரிக் மேன்சன். மறு ஆண்டு செகந்திராபாத் திரும்பிய ராஸ், இரண்டாண்டுகள் கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. பார்த்தவை வேறு இனக் கொசுக்கள்! இடையில் 1897இல் நீலகிரியின் சீகூர்ப் பகுதிக்கு ஆராயப் போனவரை மலேரியாவே பிடித்துக்கொண்டது.

அவ்வாண்டு ஆகஸ்டில் உசேன் கான் என்ற நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓரணா கூலிக்குத் தம்மைக் கடிக்கவிட்டார். ஆகஸ்டு 20 அன்று, அவரைக் கடித்த புள்ளிச் சிறகுக் கொசுவின் வயிற்றுச் சுவரில் அக்கிருமியின் கருநிறத் துகள்கள் கொண்ட உருண்டைகளை ராஸ் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து, அவ்வுருண்டைகள் வெடித்துக் கிருமிகள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போவதையும் காட்டினார். நம் உடலில் அவை முதலில் கல்லீரலில் பெருகி, பிறகு சிவப்பணுக்களில் புகுந்து அவற்றை உடைக்கின்றன. உடைபடும் வேளையில்தான் குளிரும் நடுக்கமும் வருகின்றன. இதில் கல்லீரல் கட்டம் ராஸ் மறைந்த பின்னரே தெரியவந்தது.

1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் கொசு என்று நிறுவிய இத்தாலியர் கிராசியோடு யார் முதல்வர் என்ற சண்டையை அவர் கடைசிவரை விடவில்லை. பெரிய மனிதர்தான், ஆனால் பெருந்தன்மை குறைவு. 1932 செப்டம்பர் 16 அன்று மறைந்தார்.

என்னை உறுத்துவது வேறொன்று. என் பாட்டியின் மாமன்கள் இறந்தது 1897க்குப் பல ஆண்டுகள் கழித்து. விடை புத்தகத்தில் இருந்தது, லயத்துக்கு வரவில்லை. அதைத் தோட்டங்களுக்குக் கொண்டுவர இன்னொருவர் உழைக்க வேண்டியிருந்தது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901இலிருந்து கிள்ளானில் சதுப்பை வடியவைத்து மலேரியாவைக் குறைத்தார். ரப்பர் நடக் காட்டை அழித்ததால் வெயில்பட்ட மலையோடைகளிலேயே ஒருவகை அனோபிலிஸ் பெருகுகிறது என்பதும் அதன்பின் தெரிந்தது. வடிகால் வெட்டுவதும் எண்ணெய் தெளிப்பதும் தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தன.

2018இல் மனித மலேரியா உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்ற நிலையை மலேசியா எட்டியது. குரங்கிலிருந்து மனிதருக்கு வரும் இன்னொரு வகை மட்டும் காட்டோரங்களில் நீடிக்கிறது.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். காற்றில்லை, கொசுதான் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், அந்த உசேன் கானுக்குக் காய்ச்சல் தீர்ந்ததா என்று கேட்டார். நான் படித்த பக்கங்களில் அதற்குப் பதில் இல்லை.