நாடக ஆசிரியர் என்னும் சொல்லின் இருபொருள்: சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்வும் பயிற்றுமுறையும்

முன்னுரை

தமிழ் நாடக வரலாற்றில் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பெரிதும் நாடக நூல்களை இயற்றியவராகவே மதிப்பிடப்பட்டு வருகிறார். ஆனால் அவர் காலத்துத் தொழில்முறை அரங்கில் நாடக ஆசிரியர், வாத்தியார் என்னும் சொற்கள் நாடகத்தை எழுதுபவரையும் நடிகருக்கு அதைக் கற்பிப்பவரையும் ஒருசேரக் குறித்தன. எழுத்தும் பயிற்றலும் ஒரே தொழிலின் இரு கூறுகளாக விளங்கிய அச்சூழலில் வைத்து நோக்கும்போது, சுவாமிகளின் நாடகப் பனுவல்கள் இலக்கியமாக மட்டுமன்றி, வளரும் நடிகர்களுக்கு வகுக்கப்பட்ட பாடங்களாகவும் விளங்குவதைக் காணலாம்.

பிறப்பும் கல்வியும்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் சங்கரன் பிறந்தார். தந்தையார் தாமோதரனார் தமிழ்ப் புலமை உடையவர். தொடக்கக் கல்வியைத் தந்தையிடமே கற்ற சங்கரன், பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியங்களைப் பயின்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கு அவருடன் பயின்றவர். இளமையிலேயே வெண்பா, கலித்துறை, இசைப்பாடல் ஆகியவற்றை இயற்றும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது. சிறிது காலம் தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்கராகப் பணியாற்றினார்.

நடிகர் ஆசிரியராதல்

1891ஆம் ஆண்டு, தம் 24ஆம் வயதில், அவர் நாடகத்துறையில் நுழைந்தார். அதே ஆண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அச்சபையினர் ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள். பொழுதுபோக்காக நாடகம் நடித்தவர்கள். சங்கரதாஸ் சேர்ந்த உலகமோ கூத்து மரபிலும் பார்சி அரங்கின் தாக்கத்திலும் உருவாகி, நாடகத்தையே பிழைப்பாகக் கொண்ட குழுக்களின் உலகம்.

தொடக்கத்தில் அவர் நடிகராகவே விளங்கினார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய அச்சந்தரும் வேடங்கள் அவருக்குப் புகழ் தந்தன. சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்ட கருவுற்ற பெண் ஒருத்தி அஞ்சி வீழ்ந்து கருச்சிதைவுற்றாள் என்றும், அதன்பின் அவர் வேடம் புனைவதைக் கைவிட்டார் என்றும் மரபுவழிச் செய்தி வழங்குகிறது. அவர் நடிப்பை விடுத்துக் கற்பித்தலை ஏற்றார் என்பதே அவர் வாழ்வின் முதல் திருப்பம். சாமி நாயுடு குழுவில் அவர் ஆசிரியப் பொறுப்பேற்றார்.

இடையில் துறவு மனப்பான்மை மேலிடத் தலயாத்திரை மேற்கொண்டார். சுவாமிகள் என்னும் பெயர் இதனால் நிலைத்தது. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகன்போல் ஏற்று ஆதரித்தார். அங்குப் பெற்ற தாளப் பயிற்சி, பின்னாளில் அவர் எழுதிய சந்தப் பாடல்களுக்கு அடித்தளமாயிற்று.

பாலர் சபையின் தோற்றம்

அக்காலத் தொழில்முறை நடிகர் பலர் எழுதிய பனுவலைப் பொருட்படுத்துவதில்லை. மேடையிலேயே விருப்பம்போல் உரையாடலை மாற்றினர். கதைக்குத் தொடர்பில்லாத தர்க்கங்களில் ஈடுபட்டனர். இதனால் ஆசிரியரின் கட்டமைப்புச் சிதைந்தது. பழகிப்போன பெரியவர்களைத் திருத்துவதினும் சிறுவர்களைப் புதிதாக உருவாக்குவதே தக்கதெனச் சுவாமிகள் முடிவு செய்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்தார். எஸ்.ஜி.கிட்டப்பா இளமையில் பயிற்சி பெற்ற சபை இதுவே. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியபோது அதன் ஆசிரியரானார். அவ்வாண்டில் அச்சபையில் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களுள் சண்முகத்துக்கு வயது ஆறு.

பாடமாகிய பனுவல்

சபைக்கு வந்த சிறுவர்களுள் பலர் எழுத்தறிவு நிரம்பாதவர்கள். அவர்கள் செவிவழியே கற்க வேண்டியிருந்தது. சுவாமிகளின் உரையாடல்கள் எதுகையும் மோனையும் செறிந்து ஓடுவதையும், பாடல்கள் விருத்தம், சிந்து, கும்மி எனக் கேட்டுப் பழகிய வடிவங்களில் அமைவதையும் இப்பின்னணியில் வைத்து நோக்க வேண்டும். மனப்பாடத்துக்கு உதவும் இக்கூறுகள் பயிற்றல் தேவையிலிருந்தும் பிறந்தவை எனக் கொள்ளலாம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை சொல் சென்றெட்ட வேண்டியிருந்தது. ஆகவே திருத்தமான உச்சரிப்பு நடிப்புக் கல்வியின் முதற்படியாயிற்று. மாணவரின் ஆற்றலறிந்து நாடகம் எழுதும் வழக்கமும் அவரிடம் இருந்தது. அபிமன்யு சுந்தரியைச் சிறுவன் சண்முகத்துக்காக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று டி.கே.சண்முகம் தம் நாடக வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

இம்முறைக்கு விலையும் இருந்தது. பாலர் சபைகளில் சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராகச் சென்றனர். பள்ளிக் கல்வியை இழந்தனர். கடும் கட்டுப்பாட்டுக்கும் தண்டனைக்கும் உட்பட்டனர். குரல் உடையும் மகரக்கட்டுப் பருவம் வந்ததும் முதன்மை வேடத்தை இழந்து சபையை விட்டு நீங்கியோர் பலர். பாட்டை உயிராகக் கொண்ட அரங்கு, சிறுவனின் உடல் வளர்ச்சியையே அவனுக்குப் பகையாக்கியது. சுவாமிகள் தொடங்கிய ஒழுங்கை மதிப்பிடும்போது இப்பக்கத்தை விலக்குதல் முறையன்று.

இறுதிக்காலமும் தொடர்ச்சியும்

இறுதிக்காலத்தில் சுவாமிகள் பக்கவாத நோயால் தாக்குண்டு பேச்சிழந்தார். சொல்லிக்கொடுத்தலையே தொழிலாகக் கொண்டவருக்கு அது பேரிழப்பு. அந்நிலையிலும் அவர் சபையுடனேயே இருந்தார். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் காலமானார்.

ஆசிரியர் மறைந்த பின்னும் பாடம் மறையவில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தனிக்குழு கண்டனர். அதனினும் குறிப்பிடத்தக்க சான்று ஸ்பெஷல் நாடக மரபில் உள்ளது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரங்களில் வள்ளி திருமணம் நிகழும் இரவில், வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் கலைஞர்கள் முன்னொத்திகை இன்றியே மேடையேறுகின்றனர். சுவாமிகளின் பனுவல் அனைவருக்கும் பொதுப்பாடமாக இருப்பதால்தான் இது கூடுகிறது. அதேவேளை, அம்மேடையில் தர்க்கமும் உடனடிப் பேச்சும் தழைப்பதைக் காண்கிறோம். சுவாமிகள் கட்டுப்படுத்த முயன்ற நடிகனின் தன்னுரிமை, அவருடைய பாடத்தையே நிலைக்களனாகக் கொண்டு தொடர்கிறது.

முடிவுரை

சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை அச்சுப் பனுவலாக மட்டும் ஆராயும்போது அவற்றின் நீண்ட பாடல் வரிசையும் அடுக்குமொழியும் மிகையாகத் தோன்றுதல் இயல்பு. கற்போரின் செவி, குரல், நினைவு ஆகியவற்றை முன்னிறுத்தி ஆராயும்போது அவற்றின் பயன் புலப்படுகிறது. எனவே அவருடைய நாடகப் பதிப்புகளில் பாட வேறுபாடுகளை ஆராய்வோர், அவற்றைப் பிழைகளென ஒதுக்காமல், ஒரு பாடம் நடிகர்வழி பயின்று வந்த தடங்களாகவும் கருதுதல் பொருந்தும்.