ஊட்டியில் பள்ளி வைத்த கிருபாபாய்

நீலகிரிக்கு ரயில் வராத காலம் அது. குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899இல். ஊட்டிக்கு வந்தது 1908இல். அதற்கு முன் ஊட்டிக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, வண்டியிலோ குதிரையிலோ மலை ஏற வேண்டும்.

1881ஆம் ஆண்டு வாக்கில் அப்படி மலை ஏறியவர்களில் ஓர் இளம் தம்பதியும் உண்டு. கணவர் பெயர் சாமுவேல் சத்தியநாதன். சீமையில் படித்தவர். ஊட்டி பிரீக்ஸ் நினைவுப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக வந்தார்.

மனைவி பெயர் கிருபாபாய். அவருக்கு வயது சுமார் 20. டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டு, அது நிறைவேறாமல் போனவர் அவர்.

அண்ணன் காட்டிய வழி

கிருபாபாய் 1862இல் அகமத்நகரில் பிறந்தார். அது அன்றைய பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த ஊர். பெற்றோர் அரிபந்த், ராதாபாய். பிராமண குலத்தில் பிறந்து கிறிஸ்தவ மதத்தைத் தழுவியவர்கள்.

பெரிய குடும்பம். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாயாரும் மூத்த அண்ணன் பாஸ்கரும் பெண்ணை வளர்த்தார்கள். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரெல்லாம் கேட்ட காலம். அண்ணனோ தங்கைக்குப் புத்தகங்களைக் காட்டினார். அந்த அண்ணனும் இளமையிலேயே மறைந்தார். தங்கையின் மனம் உடைந்தது. ஆனால் படிக்கும் ஆசை மட்டும் குறையவில்லை.

டாக்டர் ஆசை

பெண்களுக்கு வைத்தியம் செய்யப் பெண் டாக்டர் வேண்டும் என்பது கிருபாபாயின் எண்ணம். சீமைக்குப் போய்ப் படிக்க உதவித் தொகையும் கிடைப்பதாக இருந்தது. உடம்பு இடம் கொடுக்காது என்று பயணத்தைத் தடுத்துவிட்டார்கள்.

அவர் சோர்ந்து போகவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875 முதல் பெண்களையும் சேர்த்துக்கொண்டு வந்தது. 1878இல் அங்கே சேர்ந்தார். பாதிரியார் சத்தியநாதன் வீட்டில் தங்கிப் படித்தார். முதல் ஆண்டுப் பரீட்சையில் சிறப்பாகத் தேறினார்.

ஆனால் உடம்பு படுத்துவிட்டது. 1879இல் படிப்பை விட்டுவிட்டு, புனாவில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பின்னர் பாதிரியாரின் மகன் சாமுவேலை மணந்தார். மாமியார் அன்னா அம்மையார் சென்னையில் பெண் கல்விக்காகப் பாடுபட்டவர். வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் கிருபாபாய் மருமகளாக வந்தார்.

மலையில் ஒரு பள்ளி

ஊட்டியில் அவர் சும்மா இருக்கவில்லை. முஸ்லிம் பெண் குழந்தைகள் படிக்க ஒரு பள்ளியைத் தொடங்கினார். சர்ச் மிஷன் சங்கம் உதவி செய்தது.

அது கோஷா முறை இருந்த காலம். பெண் பிள்ளையை வீட்டு வாசல் தாண்டி அனுப்பவே தயங்குவார்கள். அதற்கு 20 ஆண்டுகள் கழித்து, 1901இல் எடுத்த குடிக்கணக்கிலேயே, இந்தியப் பெண்கள் 1000 பேரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 10 பேர்கூட இல்லை. அப்படியானால் 1881இல் பெண்களுக்கு ஒரு பள்ளி என்பது எவ்வளவு பெரிய காரியம்!

மற்றப் பெண்கள் பள்ளிகளுக்கும் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஓய்ந்த நேரத்தில் எழுதினார். தோடர்கள் வசிக்கும் மந்துக்குப் போய்ப் பார்த்து வந்ததைக் கட்டுரையாக்கினார். ‘சவுத் இந்தியா அப்சர்வர்’ என்ற பத்திரிகை அதை வெளியிட்டது. அதில் தம் பெயரைப் போடவில்லை. ஓர் இந்திய மாது என்றே கையெழுத்திட்டார்.

கண்ணீரும் பேனாவும்

1884இல் கணவருக்கு ராஜமுந்திரிக்கு மாற்றல் ஆயிற்று. பிறகு கும்பகோணம். அதன் பிறகு சென்னை.

சென்னையில் ‘சகுணா’ என்ற நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் 1887, 1888 ஆண்டுகளில் அது தொடர்கதையாக வந்தது. பெரும்பாலும் அவருடைய சொந்தக் கதைதான். படிப்புக்காகப் போராடும் ஒரு பெண்ணின் கதை.

கதை பேர் வாங்கித் தந்தது. வீட்டிலோ துக்கம் புகுந்தது. அவருக்குப் பிறந்தது ஒரே குழந்தை. அந்தக் குழந்தை ஓர் ஆண்டு நிறைவதற்குள் இறந்துவிட்டது. பெற்ற வயிறு பதறியது. அந்தத் துயரத்திலிருந்து அவர் எளிதில் மீளவில்லை. பம்பாயில் சிகிச்சை பெற்றார். காச நோய் முற்றிவிட்டது, இனிக் குணமாகாது என்று தெரிந்தது.

நாட்கள் குறைவு என்று தெரிந்தபின் அவர் இன்னும் வேகமாக எழுதினார். காய்ச்சலோடு படுக்கையில் இருந்தபடியே ‘கமலா’ என்ற இரண்டாவது நாவலை எழுதினார். இளம் வயதில் மணமாகி, மாமியார் வீட்டில் துன்பப்படும் இந்துப் பெண் கமலா. அவளும் தன் குழந்தையைப் பறிகொடுக்கிறாள். கடைசியில் பிறருக்கு உதவி செய்வதையே வாழ்வாக ஏற்கிறாள். எழுதியவரின் கண்ணீரும் அந்தக் கதையில் கலந்திருக்கிறது.

நாவல் முடிந்தது. 1894இல் கிருபாபாய் கண் மூடினார். அப்போது அவருக்கு வயது 32.

பின்னர் இரண்டு நாவல்களும் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டன. அவர் பாதியில் விட்டுச் சென்ற சென்னை மருத்துவக் கல்லூரியில், பெண்கள் படிப்பதற்கு அவர் பெயரால் உதவித் தொகை ஏற்பட்டது.

அவர் டாக்டர் ஆகவில்லை. பெற்ற பிள்ளையும் நிலைக்கவில்லை. ஆனால் ஒரு வழி அடைபட்டபோது அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. யாரோ பெற்ற பெண் குழந்தைகளை அழைத்து உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். இன்று நீலகிரியில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெண் குழந்தைகள் கூட்டம் கூட்டமாகப் பள்ளிக்கு மேடேறிப் போகிறார்கள். அந்த வழியில் முதலில் நடந்தவர்களில் கிருபாபாயும் ஒருவர்.