ஆல்காட்டின் சேரிப் பள்ளிகள்: மழலைக் கல்வியின் மறக்கப்பட்ட தொடக்கம்

கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் படைக் கொள்முதல் ஊழல்களை விசாரித்த அவர், பின்னர் வழக்கறிஞரானார். 1875இல் பிளாவட்ஸ்கி அம்மையாருடன் பிரம்மஞான சபையை நிறுவினார். 1882இல் சபையின் தலைமையகம் சென்னை அடையாற்றுக்கு வந்தது.

சாதியாரின் எதிர்ப்பால் பொதுப் பள்ளிகள் பறையர் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எட்டாதிருந்த காலம் அது. 1894இல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் பள்ளிகள் பின்தொடர்ந்தன. 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் அவருடன் கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார்.

இப்பள்ளிகளின் சிறப்பு கற்பித்த முறையில் இருந்தது. பாமர், கோர்ட்ரைட் என்னும் அமெரிக்கப் பெண்கள் இருவர் கிண்டர்கார்டன் முறையை இங்குக் கொணர்ந்தனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புதுமையெனப் போற்றப்பட்ட, விளையாட்டின் வழியே கற்கும் கல்வி, சேரிப் பிள்ளைக்குக் கிடைத்தது. ஆயினும் புகழ் முழுவதையும் புரவலருக்கே அளித்துவிட இயலாது. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் கூலிக்குத் துணை நிற்கவும் வேண்டிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரும் தம் பங்கைச் செலுத்தினர்; அதை எவரும் கணக்கில் எழுதவில்லை.

ஆல்காட்டின் நோக்கத்துக்கும் எல்லை இருந்தது. அவர் நாடியது தொடக்கக் கல்வியே; உயர்கல்விக்கும் உயர்பதவிக்கும் இப்பிள்ளைகளை ஆயத்தப்படுத்த அவர் முனையவில்லை. பரிவு இருந்தது, சமத்துவம் இல்லை என்றே இதை மதிப்பிட வேண்டும். 1907 பிப்ரவரி 17 அன்று அவர் அடையாற்றில் மறைந்தார். அவருக்குப் பின் சபைத் தலைமை ஏற்ற அன்னிபெசன்ட், 1909இல் தூய்மையையும் ஒழுக்கத்தையும் காரணம் காட்டி, ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளைப் பிற பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்ப்பதை எதிர்த்து எழுதினார். அண்ணல் அம்பேத்கர் இதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

முதல் பள்ளியின் வழிவந்த ஆல்காட் நினைவுப் பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் நடைபெறுகிறது. அரசோ 1975இல்தான் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளுள் 2381 மையங்களில் மட்டும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கியது 2019இல். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டமோ ஆறு வயதிலிருந்தே உரிமை வழங்குகிறது. எலவனாசூர்கோட்டையில் விடியலில் வயலுக்குப் புறப்படும் தாய்க்குத் தன் மூன்று வயதுக் குழந்தையின் கல்வி இன்னும் திட்டமே. சட்டம் தரும் உரிமையன்று.