தம்மவரையே திருத்திய தவமுனிவர் ஸ்ரீ நாராயண குரு

பிறர் நமக்கு இழைத்த கொடுமையை எடுத்துரைப்பது எளிது. நம்முள் நாமே வளர்த்துவரும் பிழையை எடுத்துரைப்பது அரிது. முன்னதைச் செய்வோரை ஊர் போற்றும்; பின்னதைச் செய்வோரை உறவும் தூற்றும். அவ்வரிய செயலை ஆற்றிய பெருந்தகை கேரள நாட்டு ஸ்ரீ நாராயண குரு ஆவார். நம் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், அன்னாரின் வரலாற்றை நம் இளைஞர் அறிதல் நலம் எனக் கருதி இதனை வரைகின்றோம்.

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில், 1850ஆம் ஆண்டுகளின் இடைப்பகுதியில், மாடன் ஆசானுக்கும் குட்டியம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார் குரு. அவர் பிறந்த ஈழவ சமூகத்தார் அந்நாளில் பெருங்கோயில்களுள் நுழையவும், அவற்றைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கவும் உரிமையற்றிருந்தனர். மருத்துவம் கற்றுத் தேர்ந்த டாக்டர் பல்பு, திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டு மைசூர் அரசில் பணிபுரிய நேர்ந்தமை அந்நிலைக்குப் போதிய சான்றாகும். இத்தகைய சூழலிலும் குரு வடமொழியில் தேர்ச்சி பெற்றார். தமிழில் பதிகங்கள் இயற்றும் புலமையும் எய்தினார். சிலகாலம் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். பின்னர்த் துறவு பூண்டு, இன்றைய குமரி மாவட்டத்து மருந்துவாழ்மலையில் தவமிருந்தார்.

1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று, நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புறத்தில், ஆற்றிலிருந்து எடுத்த ஒரு கல்லைச் சிவலிங்கமாக நிறுவினார். தெய்வத்தை நிறுவும் உரிமை ஒரு குலத்தார்க்கே உரியது என்ற கொள்கை அன்று ஆட்டங்கண்டது. சாதி வேற்றுமையும் மதப்பகையும் இன்றி யாவரும் உடன்பிறந்தாராய் வாழும் இடம் அது என்னும் கருத்தை அங்கே பொறிக்கச் செய்தார். இச்செய்தியைப் பலரும் அறிவர். அதன்பின் அவர் தம் மக்களின் குறைகளை நோக்கித் திரும்பியதை அறிந்தோர் சிலரே.

அக்காலத்தில் ஈழவரின் சிறு கோயில்களில் ஆடும் கோழியும் பலியிடப்பட்டன, கள்ளும் படைக்கப்பட்டது. குரு ஊர்தோறும் சென்று அவ்வழக்கங்களை நிறுத்தினார். சிறுமியர்க்குப் பெயரளவில் நடைபெற்ற தாலிகெட்டுக் கல்யாணம் பல குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தியது. அதனையும் கைவிடச் செய்தார். கள்ளை இறக்குதலும் விற்றலும் அருந்துதலும் ஆகாவென அறிவுறுத்தினார். கள்ளுத் தொழிலால் செல்வம் சேர்த்தோர் அச்சமூகத்தில் பலர் இருந்தனர். அவர்தம் மனக்கசப்பை அஞ்சி அவர் வாய்மூடி இருந்தாரல்லர்.

1903ஆம் ஆண்டு ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் தோன்றியது. குரு அதன் தலைவராகவும், கவிஞர் குமாரன் ஆசான் செயலாளராகவும் விளங்கினர். யோகம் கல்விக்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும், மேல்சாதியார் தம்மைத் தீண்டாமையைக் கொடுமை என்று கண்டித்த ஈழவருள் பலர், புலையரையும் பறையரையும் தாமே தீண்டாது விலக்கினர். குருவோ புலையர் குலச் சிறுவரைத் தம் சிவகிரி ஆசிரமத்தில் சேர்த்து வளர்த்தார்.

தாம் தலைமை ஏற்ற யோகத்திலேயே சாதிப் பெருமிதம் மேலோங்குவதைக் கண்ட குரு, 1916ஆம் ஆண்டு டாக்டர் பல்புவுக்குக் கடிதம் எழுதி, யோகத்தோடு தமக்கிருந்த தொடர்பை விலக்கிக்கொண்டார். தாம் எந்தச் சாதியையும் சார்ந்தவரல்லர் என்பதையும் அவ்வாண்டிலேயே வெளிப்படையாக அறிவித்தார். தம் பெயரையே தாங்கிய அமைப்பாயினும் அது பிழை செய்யுமிடத்து உடன்படலாகாது என்பதே அவர் காட்டிய நெறி.

மறு ஆண்டு, 1917இல், செராய் என்னும் ஊரில் ஐயப்பன் என்ற ஈழவ இளைஞர் புலையரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் விருந்தை நடத்தினார். சொந்தச் சமூகத்தாரே அவரைத் தள்ளிவைத்தனர். புலையன் ஐயப்பன் என்று ஏளனம் செய்தனர். குரு அவ்விளைஞரின் பக்கமே நின்றார். எதிர்ப்போரைப் பொறுத்துக்கொள்ளுமாறு மட்டும் அவருக்கு அறிவுரை கூறினார். பிற்காலத்தில் சகோதரன் ஐயப்பன் என நாடு போற்றியது இவரையே.

கோயில் எழுப்புவதோடு சமூகத்தின் கடமை முடிந்ததென்ற மனநிறைவும் குருவுக்கு உவப்பாயில்லை. இனிக் கோயிலினும் பள்ளியே முதன்மையானது என 1917இல் அறிவுறுத்தினார். காரமுக்கில் சிலைக்கு மாற்றாக விளக்கை வைத்தார். 1927இல் களவங்கோட்டில் நிலைக்கண்ணாடியை நிறுவினார். வணங்க வருவோர் அதில் காண்பது தம் முகத்தையே அன்றோ! 1924இல் தொடங்கிய வைக்கம் சத்தியாகிரகத்திற்கு ஆயிரம் ரூபாயும் தம் ஆசிரமத்தையும் அளித்து உதவினார். 1928ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் சிவகிரியில் சமாதி எய்தினார்.

அன்பார்ந்த இளைஞர்களே! நம்மை இழிவு செய்வோரை எதிர்த்து நிற்றல் நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆயினும் நம் தெருவிலும் உட்சாதி பார்த்துப் பெண் கொடுக்க மறுப்போர் உளர். துப்புரவுப் பணி செய்யும் குடும்பத்தார் வீட்டில் நீர் அருந்தத் தயங்குவோர் உளர். மஞ்சள் நீராட்டுக்கும் கருமாதிக்கும் கடன் வாங்கிவிட்டுப் பிள்ளையின் படிப்பை நிறுத்துவோர் உளர். உத்தியோகம் பெற்றபின் ஊரை மறப்போரும் உளர். இக்குறைகளைச் சங்கத்தின் பொதுக்குழுவில் எழுந்து கூறும் இளைஞரைப் பகைவர் எனக் கருதாது, நம்மவர் என அமரவைத்துக் கேட்பதே வெள்ளி விழாக் காணும் சங்கத்திற்கு அழகு. குற்றங்கூறுவோர்க்குச் செவிசாய்க்கும் சங்கமே பொன்விழாவையும் காணும் என்பது நம் துணிபு.