பிறர் நடக்க வழி செய்தவர்

அமெரிக்காவில் செல்வக் குடும்பமொன்றில் 1882-ம் ஆண்டு பிறந்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். நீந்துவதிலும் படகு ஓட்டுவதிலும் அவருக்குக் கொள்ளை ஆசை.

1921-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். கனடாவைச் சேர்ந்த காம்போபெல்லோ தீவில் குளித்துவிட்டு வந்தவர், காய்ச்சலோடு படுத்தார். சில நாட்களில் இரு கால்களும் விளங்காமல் போயின. இளம்பிள்ளை வாதம் என்றனர் டாக்டர்கள். அப்போது அவருக்கு வயது 39.

1924-ல், ஜார்ஜியா மாநிலத்திலுள்ள வார்ம் ஸ்பிரிங்சுக்குப் போனார். அங்கே வெதுவெதுப்பான ஊற்று நீர்க் குளம் இருந்தது. தரையில் உடலைத் தாங்காத கால்கள், தண்ணீரில் அசைந்தன! செய்தி பரவியது. நோயாளிகள் பலர் தேடி வந்தனர். அவர்களுக்குத் தாமே பயிற்சி சொல்லிக் கொடுத்தார்.

1926-ல் தம் சொத்தில் பெரும் பகுதியைப் போட்டு அந்த இடத்தை வாங்கினார். மனைவி எலினார் கவலைப்பட்டார். ஆனால் அவர் பின்வாங்கவில்லை. மறு ஆண்டே அது தரும ஸ்தாபனமாயிற்று.

1933-ல் ஜனாதிபதியானார். 1934 ஜனவரி 30-ந் தேதி, அவர் பிறந்த நாளன்று, நாடெங்கும் நடன விருந்துகள் நடந்தன. வார்ம் ஸ்பிரிங்சுக்காக 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 1938-ல், இந்த நோயை ஒழிக்கத் தேசிய ஸ்தாபனம் ஒன்று தோன்றியது. அதற்காக 10 சென்ட் காசுகள் மூட்டை மூட்டையாக வெள்ளை மாளிகைக்குத் தபாலில் வந்தன.

அவர் கால்கள் மட்டும் குணமாகவே இல்லை. 1945 ஏப்ரல் 12-ந் தேதி, அதே வார்ம் ஸ்பிரிங்சில் காலமானார்.

சரியாகப் பத்து ஆண்டு கழித்து, அதே ஏப்ரல் 12-ந் தேதி, டாக்டர் சால்க்கின் தடுப்பு மருந்து பலன் தருவதாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆராய்ச்சிக்குக் கை கொடுத்தது, மக்கள் அந்த ஸ்தாபனத்துக்கு அளித்த சில்லறைக் காசுதான்.