கல்லில் பெயரில்லாத கணபதி

சுவா சூ காங் எம்ஆர்டி நிலையத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம் கிராஞ்சி. அங்குள்ள போர் நினைவிடத்தில் 4,400க்கும் அதிகமான வெள்ளைக் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. உடல் கிடைக்காமலே போன 24,000க்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்ப் பெயர்களும் அங்கே உண்டு.

1942 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு சாரிம்புன் கரையில் இறங்கிய ஜப்பானியர், தெங்கா விமானத் தளத்தைப் பிடித்துக்கொண்டு நகரை நோக்கி முன்னேறினர். மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1945 செப்டம்பர் 12 அன்று, நகர மண்டபத்தில் சரணடைந்து கையெழுத்திட்டனர். சிங்கப்பூரின் விடுதலை நாள் என்று நினைவுகூரப்படுவது அந்த நாள்தான்.

ஆனால் பல தமிழ்க் குடும்பங்களில் தாத்தா போட்ட சீருடை வேறு. அது இந்திய தேசிய ராணுவத்தின் சீருடை. நேதாஜியின் பக்கம் நின்றவர்கள் என்பதால் அவர்கள் பெயர் கிராஞ்சிச் சுவரில் இல்லை. அவர்களில் ஒருவர்தான் எஸ். ஏ. கணபதி.

தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்த கணபதி, சிறு வயதிலேயே சிங்கப்பூர் வந்து இங்கேயே வளர்ந்தவர். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின், தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் தமிழ் இளைஞர்கள் படையில் சேர்ந்தனர். எல்லாரையும் நாட்டுப்பற்று மட்டுமே இழுத்தது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பசியும் இருந்தது, சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயமும் இருந்தது. அந்தப் படையில் கணபதி பயிற்சியாளராக இருந்தார். நேற்றுவரை துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவனுக்கு, தலை நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொடுத்த வேலை அது.

போர் முடிந்ததும் படை கலைந்தது. மாண்ட வீரர்களுக்காக எஸ்பிளனேடில் எழுப்பிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் சில வாரங்களிலேயே தகர்த்தனர். 1995இல்தான் அந்த இடத்தில் மீண்டும் ஓர் அடையாளம் வைக்கப்பட்டது.

வீரர்கள் பழைய லயங்களுக்கே திரும்பினார்கள். ஆனால் பழைய ஆட்களாகத் திரும்பவில்லை. விலைவாசி ஏறிக்கிடந்தது, கூலி ஏறவில்லை. கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்றது. தோட்டம் தோட்டமாகச் சங்கங்கள் முளைத்தன. கணபதி இடதுசாரித் தொழிற்சங்க இயக்கத்தில் இறங்கி, 1947இல் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பு அது. சீனர், இந்தியர், மலாய்க்காரர் எல்லாரும் அதில் இருந்தனர். கம்யூனிஸ்ட் கட்சியின் செல்வாக்கும் அதில் பலமாக இருந்தது. அதை மறைத்துவிட்டு கணபதியின் கதையைச் சொல்ல முடியாது.

1948 ஜூனில் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதே மாதம் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்றது புதிய விதி.

1949இன் தொடக்கத்தில், ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டப் பகுதியில் கணபதி பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்ததாகக் குற்றச்சாட்டு. கீழே கிடந்து எடுத்ததாகவும் போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாகவும் அவர் தரப்பு சொன்னது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் துப்பாக்கியால் யாரையும் சுட்டதாக வழக்கில்லை, வைத்திருந்ததே குற்றம்.

தண்டனையைக் குறைக்கும்படி சுதந்திர இந்தியாவின் அரசு கேட்டது. மலாயாவில் இந்தியப் பிரதிநிதியாக இருந்த ஜான் திவி அதற்காகப் பாடுபட்டார். அவரும் ஒரு காலத்தில் நேதாஜியின் ஆசாத் இந்து அரசில் பணியாற்றியவர். மஇகாவின் முதல் தலைவர். அரசியலில் கணபதிக்கு நேர் எதிர்த் திசை. ஒரே கொடியின்கீழ் நின்ற இருவரில் ஒருவர் தூதராகக் கதவைத் தட்ட, மற்றவர் சிறையில் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மனுக்கள் பலிக்கவில்லை. 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அவருடைய தோழரும் சிங்கப்பூர்த் தொழிற்சங்கத் தலைவருமான வீரசேனன் அதே வாரத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இதே போன்ற வழக்கு ஒன்று ஜோகூரிலும் நடந்தது. துப்பாக்கி வைத்திருந்ததற்காக அங்கே தூக்குத் தண்டனை பெற்ற சம்பசிவத்தின் மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950இல் தண்டனை ரத்தானது. கணபதிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

அவரைத் தியாகி என்போரும் உண்டு, பயங்கரவாதி என்போரும் உண்டு. அவசரகாலத்தில் கெரில்லாக்கள் கையில் உறவினரை இழந்த தோட்டக் குடும்பங்களுக்கு இரண்டாவது சொல் எளிதாக வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் அவர்களுக்கு அந்தப் பெயரே தெரிவதில்லை.

புடு சிறையின் சுவரை 2010இல் இடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது பேரங்காடி ஒன்று நிற்கிறது.