வைரம் கண்ட விவசாயி

அமெரிக்காவில் ஆர்க்கன்சாஸ் என்று ஒரு மாநிலம். அங்கே மர்பிரீஸ்பரோ என்று ஒரு சிற்றூர். அந்த ஊருக்கு அருகே 37 ஏக்கர் வயல் ஒன்று இருக்கிறது. சோளம் விளையும் வயல் அல்ல. வைரம் கிடைக்கும் வயல்!

கட்டணம் கொடுத்தால் யாரும் உள்ளே போகலாம். மண்ணைக் கிளறலாம். கிடைக்கும் கல், கண்டெடுத்தவருக்கே சொந்தம்.

இந்த இடத்தில் முதன்முதலில் வைரம் கண்டவர் ஜான் ஹடில்ஸ்டன். 1862-ம் ஆண்டு பிறந்தவர். சாதாரண விவசாயி. அவருக்கும் மனைவி சாராவுக்கும் அங்கே 243 ஏக்கர் நிலம் இருந்தது.

இரண்டு கற்கள்

1906 ஆகஸ்டு மாதம். நிலத்தில் தவழ்ந்தபடி மண்ணைப் பார்த்துக் கொண்டிருந்தார் ஹடில்ஸ்டன். ஒரு சிறு கல் பளிச்சென்று மின்னியது. எப்படித் திருப்பினாலும் ஒளி குறையவில்லை. உடனே கோவேறு கழுதையில் ஏறி ஊருக்குப் புறப்பட்டார். வழியில், பாதைப் புழுதியிலும் ஒன்று மின்னியது. இறங்கி அதையும் எடுத்துக் கொண்டார். பின்னாளில் அவரே சொன்ன கதை இது.

ஒரு கல் வெள்ளை; மற்றது மஞ்சள். ஊர் பாங்கியில் அரை டாலருக்குக் கேட்டார்கள் என்று சொல்வதுண்டு. கற்கள் லிட்டில் ராக் நகரத்து நகை வியாபாரிக்குப் போயின. அங்கிருந்து நியூயார்க் போயின. புகழ் பெற்ற ரத்தின நிபுணர் ஜார்ஜ் குன்ஸ் பார்த்தார். அசல் வைரம் என்று தெரிந்தது!

செய்தி பரவியது. கூட்டம் கூட்டமாக மக்கள் மர்பிரீஸ்பரோவுக்குப் படையெடுத்தார்கள். லிட்டில் ராக் பணக்காரர்கள் சிலர் ஹடில்ஸ்டனின் நிலத்தை 36,000 டாலருக்குப் பேசி முடித்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு விவசாயிக்கு அது பெரும் பணம். "வைர ராஜா" என்று பெயரும் வந்தது.

ராஜாவின் முடிவு

1917-ல் சாரா இறந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் ஹடில்ஸ்டன் மறுமணம் செய்து கொண்டார். அது நிலைக்கவில்லை. பணமும் கரைந்தது.

1924-ல் அந்த நிலத்தில் 40.23 காரட் வைரம் ஒன்று அகப்பட்டது. ஐந்து காரட் ஒரு கிராம். ஆகவே அதன் எடை எட்டு கிராம். அமெரிக்காவில் கிடைத்த வைரங்களில் அதுவே மிகப் பெரியது. ஹடில்ஸ்டன் அப்போது உயிரோடுதான் இருந்தார். ஆனால் அதில் அவருக்கு ஒரு காசு உரிமை இல்லை. 1941 நவம்பரில் அவர் வறுமையில் இறந்தார்.

வைர பூமியை விற்ற ஏமாளி என்று அவரைச் சொல்வது எளிது. ஆனால் வாங்கியவர்கள் என்ன கண்டார்கள்? ஆலை வைத்தார்கள். இயந்திரம் கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னும் பல கம்பெனிகள் வந்தன. ஒன்றும் நிலைத்து லாபம் காணவில்லை.

காரணம் இதுதான். 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் எரிமலை வெடித்தது. பூமியின் ஆழத்தில் உண்டான வைரங்களை அது மேலே தள்ளியது. எரிமலைப் பாறை நாளடைவில் மக்கி மண்ணாயிற்று. அந்த மண்ணில் வைரம் உண்டு. ஆனால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு இல்லை.

கடைசியில் 1972-ல் மாநில அரசே இடத்தை வாங்கிப் பூங்காவாக்கியது. அதன் பின் பொதுமக்கள் கண்டெடுத்த வைரங்கள் 35,000-க்கும் மேல்! பெரும்பாலும் தீக்குச்சி முனை அளவுதான். பெரியவர்களும் குழந்தைகளும் சல்லடையும் வாளியுமாக வருகிறார்கள். அவ்வப்போது வயலை உழுது போடுகிறார்கள். பலத்த மழைக்கு மறுநாள் போவது நல்லதாம். மழை மண்ணைக் கழுவி விடும்; வைரத்தில் சேறு ஒட்டாது; வெயில் பட்டதும் மின்னும்.

வைரம் கிடைக்காதவர்களும் சூரியகாந்தக் கல், செவ்வந்திக் கல் என்று ஏதாவது பொறுக்கிச் செல்கிறார்கள். எடுத்த கல் என்னவென்று பூங்கா ஊழியர்களே இலவசமாகப் பார்த்துச் சொல்கிறார்கள். ஹடில்ஸ்டனுடைய கல் அதற்காக நியூயார்க் வரை போக வேண்டியிருந்தது.